மலைப்பாதையில் திகில்: கேமரா முதலில் காட்ட வேண்டியது

நீலகிரிக்குத் திகில் படம் எடுக்க வருகிறவர்கள் உள்ளூர்க்காரர்களிடம் முதலில் கேட்பது, "மிஸ்ட் எத்தனை மணிக்கு இறங்கும்?" என்றுதான். கொடைக்கானலிலும் இதே கேள்விதான் கேட்கிறார்கள். மூட்டம் வந்தால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது, தெரியாதது பயமுறுத்தும், அதனால் பாதி வேலை முடிந்துவிட்டது என்று ஒரு கணக்குப் போடுகிறார்கள். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கைபேசியில் குறும்படம் எடுக்கும் தம்பி தங்கைகளும் இந்தக் கணக்கை நம்பித்தான் விடியற்காலையில் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். அவர்கள் எடுத்துவரும் காட்சிகள் அழகாக இருக்கின்றன. ஆனால் பெரும்பாலும் பயம் வருவதில்லை.

பார்க்கிறவருக்கு ஒன்றுமே தெரியாதபோது வருவது குழப்பம். வீடு எங்கே இருக்கிறது, பாதை எந்தப் பக்கம் திரும்புகிறது, பள்ளம் எவ்வளவு தூரத்தில் என்று தெரிந்திருந்து, இந்த நொடியில் அங்கே என்ன நடக்கிறது என்பது மட்டும் தெரியாமல் போகும்போதுதான் நெஞ்சு இறுகுகிறது. மறைக்கும் வேலையை மலை தானாகவே செய்துவிடும். கேமராவின் வேலை அதற்கு முன்பாகக் காட்டிவைப்பது. மலைப்பகுதித் திகில் படங்களில் ஷாட்டும் கோணமும் எப்படி வேலை செய்கின்றன என்பதை இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் பல விஷயங்கள் விளங்கும்.

திகில் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 1962-இல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுடன் நடத்திய நீண்ட உரையாடலில் சொன்ன வெடிகுண்டு உதாரணம் பலருக்கும் தெரிந்திருக்கும். மேசைக்கு அடியில் இருக்கும் குண்டு திடீரென்று வெடித்தால் சில நொடி அதிர்ச்சி. குண்டு இருப்பது நமக்குத் தெரிந்து, மேசையில் பேசிக்கொண்டிருப்பவர்களுக்குத் தெரியாமல் இருந்தால், அவர்கள் பேசுகிற நேரம் முழுக்கத் தவிப்பு. இதைத் திரைக்கதை உத்தி என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அது கேமரா நிற்கும் இடத்தைப் பற்றிய பேச்சும்கூட. மேசைக்கு அடியில் ஒருமுறை இறங்கிப் பார்த்துவிட்டு வந்த கேமரா, அப்புறம் பேசுகிறவர்களின் கண் உயரத்தில் எவ்வளவு அமைதியாக நின்றாலும் அந்த அமைதியே நம்மை வதைக்கும்.

தமிழில் இதற்குப் பொருத்தமான படம் பாலு மகேந்திராவே ஒளிப்பதிவும் செய்து இயக்கிய 'மூடுபனி' (1980). கொலைகாரன் யார் என்பதை அந்தப் படம் நம்மிடமிருந்து மறைப்பதில்லை. அவன் கடத்திவந்த பெண்ணும் அவனும் ஊட்டியில் ஒரே வீட்டில் இருக்கும்போது, யார் என்ற கேள்வியே கிடையாது. எப்போது என்பது மட்டும்தான் மிச்சம். பனியின் பேரைத் தலைப்பில் வைத்துக்கொண்டிருக்கும் அந்தப் படம் நம்மை இருட்டில் வைக்காமல் பயமுறுத்துகிறது. மலைக்குக் கேமராவோடு ஏறுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய படம் அதுதான் என்பேன்.

இப்போது சாலைக்கு வருவோம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டிக்கு ஏறும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் சாலையில் 36. சமவெளியில் ஒரு காரை இன்னொரு வண்டி துரத்தினால் பின்னால் வருகிற வண்டி கண்ணாடியில் தெரிந்துகொண்டே இருக்கும். மலைச்சாலையில் அது ஒவ்வொரு வளைவிலும் மறைந்து போகும். ஆனால் மேலே ஒரு பாறை மேட்டில் கேமராவை வைத்தால், சாலையின் இரண்டு மூன்று மடிப்புகள் ஒரே ஃப்ரேமில் அடுக்கடுக்காகத் தெரியும். மேல் மடிப்பில் ஒரு பெண் காரை ஓரமாக நிறுத்திவிட்டு ஃபோனில் சிக்னல் தேடுகிறாள். இரண்டு மடிப்பு கீழே ஒரு ஜீப் ஏறி வருகிறது. அவளுக்கு அது தெரியாது. நமக்குத் தெரியும். குண்டும் மேசையும் ஒரே ஷாட்டுக்குள் வந்துவிட்டன, கட் கூடத் தேவைப்படவில்லை. அந்த ஜீப் அடுத்த வளைவில் மறையும்போது நம் மனசு தானாகக் கணக்குப் போட ஆரம்பிக்கும், இந்நேரம் திரும்பியிருக்கும், இந்நேரம் அந்த மரத்தடிக்கு வந்திருக்கும் என்று. அந்தக் கணக்கு ஓடுகிற நேரத்தில் கேமரா ஜீப்பைக் காட்டவே கூடாது. அவள் முகத்திலேயே நிற்க வேண்டும்.

இதே சாலையில் ஒரு பெரிய பொறியும் இருக்கிறது. துரத்தல் காட்சிகளில் திசை மாறாமல் காப்பது எடிட்டிங்கின் அடிப்படை. இடமிருந்து வலமாக ஓடும் வண்டி அடுத்த ஷாட்டிலும் இடமிருந்து வலமாகவே ஓட வேண்டும், இல்லாவிட்டால் அது திரும்பி வருவதாக நினைத்துக்கொள்வோம். கொண்டை ஊசி வளைவைத் தாண்டிய கார் உண்மையிலேயே திசை மாறித்தான் ஓடும். எதிர் மலையிலிருந்து பார்த்தால் கீழ் மடிப்பில் வலப்பக்கம் ஓடுவது, மேல் மடிப்பில் இடப்பக்கம் ஓடும். வளைவைக் காட்டாமல் இரண்டு மடிப்புகளையும் ஒட்டினால் இரண்டு வண்டிகளும் மோதிக்கொள்ளப் போகின்றன என்று தோன்றும். பல துரத்தல் காட்சிகள் இந்த இடத்தில்தான் சொதப்புகின்றன. வளைவையே முழுசாக ஒரு ஷாட்டில், வண்டி நுழைவதிலிருந்து வெளியேறுவது வரை, ஒருமுறையாவது காட்டிவிட்டால் போதும். மனம் அதைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் துரத்துகிறவனும் ஓடுகிறவளும் ஃப்ரேமுக்குள் எதிரெதிர்த் திசையில் போனாலும் அது குழப்பமாக இருக்காது. ஒருவரை ஒருவர் தாண்டிப் போவதுபோல் தெரிந்துகொண்டே நெருங்குவது வேறு எந்த நிலப்பரப்பிலும் கிடைக்காத பதற்றம்.

வளைவுகளில் நெடுஞ்சாலைத் துறை வைத்திருக்கும் எண் பலகையையும் விட்டுவிடக் கூடாது. எத்தனையாவது வளைவு, மொத்தம் எத்தனை என்று அதில் எழுதியிருக்கும். பிரேக் பிடிக்காத வண்டி இறங்கும்போது அந்தப் பலகை ஒரு நொடி ஃப்ரேமின் ஓரத்தில் கடந்து போனால், இன்னும் எத்தனை பாக்கி என்பதைப் பாத்திரம் யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. சில வளைவுகளில் கம்பத்தில் குவியாடி பொருத்தியிருப்பார்கள். வளைவுக்கு அப்பால் வருவது அதில் சின்னதாக, வளைந்து தெரியும். ஃப்ரேமுக்குள் அது இன்னொரு ஃப்ரேம். பாத்திரம் அதைப் பார்க்காமல் நாம் பார்த்தால் தவிப்பு, பாத்திரம் பார்த்து நமக்கு முகம் மட்டும் காட்டப்பட்டால் அது வேறு வகைத் தவிப்பு.

கோணங்களைப் பற்றிப் பேசும்போது, கீழிருந்து அண்ணாந்து பார்க்கும் லோ ஆங்கிள் வைத்தால் ஆள் பெரியவனாகத் தெரிவான், மேலிருந்து பார்க்கும் ஹை ஆங்கிள் வைத்தால் சிறுத்துப் போவான் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். சமதரையில் சரி. தேயிலைத் தோட்டச் சரிவில் இரண்டு பேர் பேசிக்கொண்டு நின்றால், கீழே நிற்பவரின் கண் உயரத்தில் வைத்த கேமராவுக்கு மேலே நிற்பவர் எப்போதும் லோ ஆங்கிளில்தான் இருப்பார். அதைப் பார்ப்பவர்கள் நிலத்தின் சரிவாக எடுத்துக்கொள்வார்களே தவிர அதிகாரமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் சரிவில் கோணம் பேச வேண்டுமென்றால் முதலில் அதைப் பேசாமல் வைத்திருக்க வேண்டும். இரண்டு பேரையும் அவரவர் கண் உயரத்திலேயே பிடித்துக்கொண்டு வந்து, மேலே நிற்பவன் ஓர் அடி இறங்குகிற அந்த நொடியில் மட்டும் கேமரா தரையோடு தாழ்ந்தால் அது உறைக்கும். இன்னொன்று, மலையில் மேலே நிற்பவன் பலசாலி என்ற விதியும் கிடையாது. முதுகுக்குப் பின்னால் பள்ளம் இருக்கிறது என்று இடம் முழுக்கத் தெரியும் ஒரு பக்கவாட்டு வைட் ஷாட் சொல்லிவிட்டால், எவ்வளவு லோ ஆங்கிளில் எடுத்தாலும் அவன் சிக்கிக்கொண்டவன்தான்.

சாய்ந்த கோணம், அதாவது டச் ஆங்கிளும் இங்கே வழக்கம்போல் வேலை செய்யாது. 1949-இல் வந்த 'தி தேர்ட் மேன்' படத்தில் வியன்னா நகரத் தெருக்கள் சாய்ந்து சாய்ந்து தெரிவது நம்மை நிலைகுலையச் செய்வதற்குக் காரணம், கட்டடங்களின் நேர்க்கோடுகள். எது நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று நமக்குத் தெரியும், அது சாய்ந்திருக்கிறது. புல்வெளியும் மேகமும் மட்டுமுள்ள மலைச்சரிவில் கேமராவைச் சாய்த்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பைன் மரத்தண்டு, பங்களா ஜன்னல் சட்டம், ஸ்டேஷன் தூண் போன்ற ஒரு நிமிர்ந்த கோடு வேண்டும். மாறாக, ஏற்றச் சாலையைச் சமமாகத் தெரியும்படி கேமராவைச் சாய்த்துப் பாருங்கள். சாலை ஒழுங்காக இருக்கும், அதில் நிற்கும் மரங்களும் மனிதரும் சாய்ந்திருப்பார்கள். என்ன தப்பு என்று உடனே சொல்ல வராது. அந்தச் சொல்ல வராத நொடிகள் திகில் படத்துக்குப் பொன்.

காட்டுக்குள் போனால், ஒவ்வொரு காடும் ஒவ்வொரு விதமாக மறைக்கிறது. ஊட்டிக்குப் பக்கத்துத் தலைக்குந்தாவிலும் கொடைக்கானலிலும் இருக்கும் பைன் காடுகள் நட்டு வளர்த்தவை. தண்டுகள் நேராக, இடைவெளி விட்டு நிற்கும், கீழே புதர் அதிகம் இருக்காது. வெகுதூரம் பார்க்கலாம், ஆனால் துண்டு துண்டாக. இங்கே கேமராவைப் பக்கவாட்டில் நகர்த்தினால் முன்னால் இருக்கும் தண்டுகள் வேகமாகவும் பின்னால் இருப்பவை மெதுவாகவும் ஓடும். தூரத்தில் நிற்கும் ஓர் ஆள் ஒவ்வொரு தண்டும் கடக்கும்போது ஒரு நொடி மறைந்து மறைந்து தெரிவான். நாலைந்து முறை அப்படித் தெரிந்தவன் அடுத்த தண்டுக்குப் பின்னாலிருந்து வெளிவராமல் போனால் போதும். இதற்கு ஸ்மோக் மெஷின் வேண்டாம், இரவு வேண்டாம், பட்டப்பகல் வெயிலிலேயே நடக்கும். தூரத்தைக் கிட்டே இழுக்கும் டெலி லென்ஸ் போட்டால் அந்தத் தண்டுகள் நெருங்கிச் சுவர்போல் ஆகிவிடும். ஓடி வருகிறவள் கால் வைத்துக்கொண்டே இருந்தும் கிட்டே வராததுபோல் தெரிவாள். அகலமாகக் காட்டும் வைட் லென்ஸில் தூரத்தில் புள்ளியாக இருந்தவன் இரண்டே எட்டில் முகம் நிறைய வந்து நிற்பான். யாருக்கு எந்த லென்ஸ் என்பதைத் தீர்மானித்தாலே காட்சி பாதி எழுதி முடிந்துவிடும்.

சோலைக்காடு இதற்கு நேரெதிர். பாசி படர்ந்த, முறுக்கிய கிளைகள் கொண்ட குட்டையான மரங்கள் பள்ளத்தாக்கு மடிப்புகளில் அடர்ந்து நிற்கும். வெளியே நின்று பார்த்தால் உள்ளே நாலடி தெரியாது. ஆனால் உள்ளே இருந்து பார்த்தால், கறுத்த இலை விளிம்புக்கு நடுவே வெளிச்சமான புல்வெளி ஒரு திரைபோல் விரியும். அந்தப் புல்வெளியில் நடந்துபோகும் ஆளை உள்ளிருந்து எடுத்த உடனே, யாரோ பார்க்கிறார்கள் என்று நாம் முடிவு செய்துவிடுவோம். இந்த ஷாட்டைச் சும்மா பயன்படுத்துவது எனக்குப் பெரிய வருத்தம். இலைக்குப் பின்னாலிருந்து கேமரா எட்டிப்பார்க்கும், மூச்சுச் சத்தம்கூடச் சேர்ப்பார்கள், கடைசியில் அங்கே யாரும் இருந்ததே இல்லை என்று தெரியும். அப்படி இரண்டு முறை ஏமாந்தவர்கள் மூன்றாவது முறை நிஜமாகவே ஒருவன் பார்க்கும்போது நம்ப மாட்டார்கள். பார்வை யாருடையது என்று படம் முடிவதற்குள் சொல்ல முடியாவிட்டால் அந்த ஷாட்டை எடுக்காமலிருப்பது மேல்.

தேயிலைத் தோட்டத்தை ஒளிய இடமில்லாத வெட்டவெளி என்று நினைக்கிறோம். செடி இடுப்பு உயரம்தான். ஆனால் குனிந்தால் ஆள் காணாமல் போய்விடுவான். வைட் ஷாட்டில் ஒரு சரிவு முழுக்கக் கொழுந்து பறிக்கும் பெண்கள், எல்லாருக்கும் ஒரே அசைவு, முதுகில் பை. அவர்களுக்கு நடுவே ஓர் உருவம் மட்டும் பறிக்கவில்லை. கேமரா நகராமல், இசை இல்லாமல், க்ளோசப்புக்கும் போகாமல் பத்துப் பதினைந்து நொடி பொறுத்தால், அதைப் பார்க்கிறவர்களே கண்டுபிடிப்பார்கள். தானாகக் கண்டுபிடித்த பயத்தை யாராலும் உதறிவிட முடியாது.

இனி மூட்டம். தென்மேற்குப் பருவத்தில் கூடலூர், நடுவட்டம் பக்கமும், வடகிழக்குப் பருவத்தில் குன்னூர், கோத்தகிரிப் பக்கமும் மேகம் சாலையிலேயே உட்கார்ந்துவிடும். இதை எப்படிப் பயன்படுத்துவது? எனக்குத் தெரிந்து இதைவிட வலிமையான வழி இல்லை: மூட்டம் இல்லாத வெளிச்சத்தில் ஓர் இடத்தை எடுங்கள். கேட், படிக்கட்டு, இடப்பக்கம் சில்வர் ஓக் மரம், வலப்பக்கம் தண்ணீர்த் தொட்டி. கதையில் அதற்கு ஒரு சாதாரணக் காரணம் இருக்கட்டும், பால் ஊற்றுகிறவர் வந்து போகலாம். பிறகு அதே இடத்தில், அதே உயரத்தில், அதே லென்ஸில், மூட்டம் மூடிய பின் எடுங்கள். இப்போது வெள்ளையாக இருக்கும் ஃப்ரேமுக்குள் கேட்டும் மரமும் தொட்டியும் எங்கே என்று பார்க்கிறவருக்குத் தெரியும். மரம் இருக்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சாம்பல் நிறக் கோடு இருந்தால், எந்தச் சத்தமும் இல்லாமல் அரங்கமே நிமிர்ந்து உட்காரும். முதல் ஷாட் இல்லாமல் இரண்டாவது ஷாட்டுக்கு ஒரு அர்த்தமும் கிடையாது.

மூட்டத்தில் கேமராவை அதிகம் அசைக்காதீர்கள். கிட்ட இருப்பது கறுப்பாக, தள்ளி இருப்பது வெளுப்பாக, அடுக்கடுக்காகத் தெரிவதுதான் அதன் பலம். கேமரா நகர்ந்தால் அந்த அடுக்குகள் கலைந்து ஒரே வெள்ளையாகிவிடும். நிறங்கள் வெளுத்துப்போவதால் இது கறுப்பு வெள்ளைக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. ஊட்டி இந்து நகரில் 1960-இல் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலையில்தான் நம் நாட்டுக்குக் கறுப்பு வெள்ளை ஃபிலிம் தயாரானது என்பதை இங்கே படமெடுக்க வருகிறவர்கள் நினைத்துக்கொண்டால் நன்றாக இருக்கும். அந்த ஆலை இன்று ஓடவில்லை.

கைவேலை விஷயங்கள் சில. கேமராவின் தானியங்கி ஒளி அளவீடு மூட்டத்தின் வெண்மையைப் பார்த்து ஏமாந்து படத்தை மங்கலாக்கும், ஒளியை ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு, கூட்டி வைக்க வேண்டும். தானியங்கி ஃபோகஸ் பிடிமானம் இல்லாமல் முன்னும் பின்னும் அலையும், கையால் போடுவதுதான் வழி. குளிரில் நின்ற கேமராவைச் சூடான அறைக்குள் கொண்டுபோனால் லென்ஸில் நீர் படியும், பைக்குள் வைத்துச் சிறிது நேரம் விட வேண்டும். விளக்கை முன்னாலிருந்து அடித்தால் வெள்ளைச் சுவர்தான் கிடைக்கும், ஹை பீம் போட்டால் சாலை தெரியாது என்பது நம் ஊர் ஜீப் டிரைவர் அண்ணன்கள் எல்லாருக்கும் தெரிந்ததே. விளக்கு பக்கவாட்டிலோ பின்னாலோ இருந்தால் உருவத்தின் விளிம்பு வெட்டித் தெரியும். மூட்டம் சில நேரம் ஐந்து நிமிடத்திலேயே கலைந்துவிடும் என்பதால், ஒருவர் முகம் மூட்டத்திலும் எதிரில் நிற்பவர் முகம் வெயிலிலும் அகப்பட்டுக்கொள்ளும். வைட் ஷாட்டை முதலில் எடுத்துவிடுங்கள். க்ளோசப்புக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் துணி கட்டியும் ஒப்பேற்றலாம்.

பள்ளத்தைக் காட்டுவது தனிக் கலை. 1958-இல் 'வெர்ட்டிகோ' படத்தில் ஹிட்ச்காக், கேமராவை நகர்த்திக்கொண்டே ஜூமை அதற்கு எதிராக மாற்றி, மாடிப்படியின் ஆழம் நீண்டுபோவதுபோல் காட்டினார். மணிக்கூண்டுப் படியை மாதிரியாகச் செய்து தரையில் படுக்கவைத்து எடுத்த ஷாட் அது. கொடைக்கானல் மலை விளிம்பில் நின்று இதையே செய்ய ஆசைப்படுகிறவர்கள் உண்டு. அங்கே அது எடுபடாது. படிக்கட்டில் கீழே போகப் போகச் சுருங்கும் கோடுகள் இருக்கின்றன, அவை நீள்வதுதான் நம்மைத் தலைசுற்ற வைக்கிறது. திறந்த பள்ளத்தாக்கில் காலடியில் புல், அதற்கு அப்புறம் வெகுதூரத்தில் சமவெளி, நடுவில் ஒன்றுமில்லை. நீள்வதற்கு எதுவும் இல்லாததால் ஆழம் தெரியாது. ஒரு கல் உருண்டு போய், சத்தம் வரும் வரை கேமரா காத்திருந்தால் ஆழம் தெரியும்.

கொடைக்கானல் பில்லர் ராக்ஸ் பாறைகளின் பக்கத்துக் குகைகள் இதற்கு நல்ல பாடம். டெவில்ஸ் கிச்சன் என்று அழைக்கப்பட்ட இடம், 1991-இல் வந்த 'குணா' படத்துக்குப் பிறகு குணா குகையாகிவிட்டது. 2006-இல் கேரளத்தின் மஞ்சும்மலிலிருந்து வந்த நண்பர்களில் ஒருவர் அங்கே குழிக்குள் விழ, இன்னொரு நண்பர் கயிற்றில் இறங்கி மீட்டதைத்தான் 2024-இல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' சொன்னது. குகையின் பெரும்பகுதியைச் செட் போட்டே எடுத்தார்கள். நிலமட்டத்தில் அது வெறும் பாறை இடுக்கு, ஒரு தாவில் தாண்டிவிடலாம்போல் தோன்றும். மேலிருந்து நேர் கீழே பார்க்கும் டாப் ஆங்கிளில் அது கறுத்த ஓட்டை. அடியிலிருந்து அண்ணாந்து பார்த்தால் கைக்கு எட்டாத ஒரு வெளிச்சக் கீற்று. மேலே இருப்பவர்களுக்குக் கீழே தெரியாது, கீழே இருப்பவருக்கு மேலே தெரியாது. இரண்டையும் பார்க்கிற ஒரே ஆள் நாம். வெட்டி வெட்டி இரண்டு பக்கமும் போகிற படத்தில் நம்மால் யாருக்கும் எதுவும் சொல்ல முடியாதது பெரிய வேதனை.

மலை ரயிலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும்போது நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். ஆகவே முன்பெட்டிக்கு முன்னால் எஞ்சின் கிடையாது, தண்டவாளமும் மலையைக் குடைந்து போட்ட குகைப்பாதையின் வாயும் நேராகக் கண்ணில் படும். பெட்டி மேடையில் கொடியோடு நிற்கும் பிரேக்ஸ்மேனைத் தவிர முன்னால் என்ன வருகிறது என்று முதலில் பார்ப்பவர் பயணிதான். மொத்தப் பாதையில் 16 குகைகள். குகைக்குள் இருட்டு, வெளியே வந்தால் ஓர் ஆள் குறைவு என்பது பழைய உத்தி. அதற்கு உயிர் வர வேண்டுமானால் முதல் இரண்டு குகைகளில் ஒன்றும் நடக்கக் கூடாது. யார் எந்த ஜன்னலில், யாருடைய கை எந்தக் கம்பியில் என்று இடுப்புக்கு மேல் தெரியும் மிட் ஷாட்டில் பொறுமையாகக் காட்டி, இருட்டு எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று பழக்கிவிட வேண்டும். மூன்றாவது குகையில் அந்த நேரம் தாண்டியும் வெளிச்சம் வராவிட்டால் மட்டும் போதும்.

ட்ரோன் பற்றிக் கடைசியாக ஒன்று. வனப்பகுதியில் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது என்பது ஒருபுறம். அனுமதி வாங்கியவர்களும் அதைத் தவறான இடத்தில் வைக்கிறார்கள். ஒருத்தி உயிருக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது கேமரா திடீரென்று ஆகாயத்துக்குப் போய்ப் பள்ளத்தாக்கின் அழகைக் காட்டினால், அது யாருடைய பார்வையும் இல்லை. அவளோடு சேர்ந்து ஓடிக்கொண்டிருந்த நாம் அந்த நொடியில் அவளை விட்டுவிடுகிறோம். அதே ட்ரோன் ஷாட்டைப் படத்தின் ஆரம்பத்தில், ஆபத்து எதுவும் தொடங்காதபோது, வீடு இங்கே, சாலை அங்கே, நடுவே ஓடை, ஓடைக்கு ஒரே ஒரு பாலம் என்று நிதானமாகக் காட்டிவிட்டுப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். அப்புறம் படம் முழுக்க மூட்டம் இறங்கினாலும், அவள் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று பின்வரிசையில் இருக்கிற குழந்தைகூடக் கத்திச் சொல்லும்.